மஸ்டருக்கு முன் 20 நிமிடம்: தியானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர், தலைமையாசிரியர், சுய உதவிக் குழுத் தலைவி என்று பொறுப்பில் இருக்கும் பலர் இப்போது விடியற்காலையில் தியானத்துக்கு உட்காருகிறார்கள். (மஸ்டர் என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் நேரம்.) தூங்கி வழிவதும் கால் மரத்துப்போவதும் போகப் போகச் சரியாகும், அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகச் சரியாகாதவை வேறு.

கரி கணப்பு

மூடிய அறையில் வைக்கவே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். கம்பளி போதும்.

இருக்கை

சில்லென்ற தரையில் சாக்கு, அதன்மேல் 4 முதல் 6 அங்குல உயரத்துக்கு மடித்த கம்பளி. இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதுகு கூன் விழுந்து வலிக்கத் தொடங்கும். முழங்கால் தரையைத் தொடாதவர்கள் நாற்காலியில் சாயாமல் உட்காரலாம்.

உட்கார்ந்தபடியே வேலை பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மூச்சை எண்ணத் தொடங்கியதுமே நேற்றைய வேலைத் தலைவலி எட்டிப் பார்க்கும். அமைதியாகத்தானே இருக்கிறோம், இப்போதே யோசித்து முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிவும் பளிச்சென்று தெரியும். அங்கேதான் ஆபத்து. மறுத்துப் பேச ஆளில்லாமல் ஒரே எண்ணத்தை 20 நிமிடம் உருட்டினால், வெறும் சந்தேகம் தீர்ப்பாக இறுகிவிடும்.

ஒரு தோட்டத்தில் இரண்டு நாளாகக் கொழுந்து எடை குறைந்தது. பறிப்பவர்கள் சுணங்குகிறார்கள் என்று தியானத்திலேயே முடிவுகட்டிய மேற்பார்வையாளர், மஸ்டரில் எடுத்த எடுப்பில் திட்டினார். மேஸ்திரியம்மா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், பை வாரை இழுத்துக் கட்டினார். மதியம் எடை போடும்போதுதான் சொன்னார்: "கீழ்ச்சரிவுல காட்டு மாடு நிக்குது சார். அதான் யாரையும் இறக்கல."

உட்காரும் முன் 2 நிமிடம் ஒதுக்கி, மனதை அரிப்பதை எல்லாம் தாளில் எழுதி மடித்து வையுங்கள். பிறகு வெளிமூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். யோசனையில் எண்ணிக்கை தவறினால் மறுபடி 1. முப்பது தடவை திரும்பினாலும் கவலை வேண்டாம். பிடித்த யோசனையைக் கீழே வைக்கும் பழக்கம் அப்படித்தான் வரும். அடுத்தவர் பேசும்போது பதில் சொல்ல வாய் துடிக்குமே, அந்த நொடியில் கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான். அருமையான யோசனை வந்தாலும் எழுத எழுந்திருக்காதீர்கள். தேவையானது என்றால் டீ குடிக்கும்போது மறுபடி வரும்.

முகாம் அட்டவணை

கொடைக்கானல் மலையில் பெருமாள்மலை போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் போன்ற இடங்களில் சில நாள் தங்கிவிட்டு, அதே அட்டவணையை வீட்டில் நடத்தப் பார்க்கிறார்கள். அங்கே சமையலும் மணியோசையும் உங்கள் பொறுப்பல்ல. வீட்டில் ஒரு வேளை போதும், நாள் தவறக் கூடாது.

போன்

நேரம் பார்க்கப் போனைப் பக்கத்தில் வைக்காதீர்கள், தனி அலாரம் கடிகாரம் வாங்குங்கள்.

இரவுக் கேள்வியை விட்டுவிடுவது

படுக்கும் முன் 5 நிமிடம், ஒரே கேள்வி: இன்று யார் பேச்சை நடுவில் வெட்டினேன்? ஒரு பெயர் கிடைத்தால் போதும். மறுநாள் மஸ்டரில் முதலில் அவரிடம் போய், நேற்று என்ன சொல்ல வந்தார் என்று கேளுங்கள்.