கோட்டா சிக்கலில் சர்வர் விழுந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வர் விழுந்துவிட்டது என்று தகவல் வந்ததும் பலரும் முதலில் செய்வது ரீசெட் அடிப்பது. டிஸ்க் கோட்டா, அதாவது ஒவ்வொரு யூசரும் எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்ற வரம்பு, போட்டு வைத்திருக்கும் லினக்ஸ் சர்வரில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. பல நேரம் அந்த சர்வர் விழுந்திருக்கவே இருக்காது, கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு யூசரும் எவ்வளவு இடம், எத்தனை ஃபைல் பிடித்து வைத்திருக்கிறார் என்ற கணக்கு சரியாக இருந்தால்தான் லிமிட்டுக்கு அர்த்தம் உண்டு. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைதான் ஃபைல்சிஸ்டம்; எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் எல்லாம் அதன் வகைகள். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் கோட்டாவைப் புதிதாக ஆன் செய்து மவுண்ட் செய்தாலும், எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் ஓட்டிவிட்டு மவுண்ட் செய்தாலும், கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எல்லா ஐநோடையும், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிய பதிவையும், ஒருமுறை எண்ணி முடிக்கும். கன்சோலில் ‘கோட்டாசெக் நீடட்: ப்ளீஸ் வெயிட்’ என்று ஒரே ஒரு வரி வரும். அதற்குப் பிறகு எந்த அசைவும் இருக்காது. கோடிக்கணக்கில் ஃபைல் இருக்கும் டிஸ்க்கில் இந்த மௌனம் ரொம்ப நேரம் நீளும். அந்த நேரத்தில் பவரை அணைத்தால் எண்ணியது வீண், அடுத்த பூட்டில் முதலிலிருந்து எண்ணும். தொங்கிப்போச்சு என்று மறுபடியும் ஒருவர் ரீசெட் அடிப்பார். ‘டன்’ என்ற வரி வரும்வரை காத்திருங்கள். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்றுதான் பொருள்.

ரீசெட்டில் இன்னொரு நஷ்டமும் உண்டு. வார் லாக் ஜர்னல் டைரக்டரி இல்லாத சர்வரில் சிஸ்டம்டி லாக் எல்லாம் மெமரியில்தான் இருக்கும், ரீபூட்டோடு போய்விடும். அந்த டைரக்டரி இருந்தால் ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ கொடுத்து, விழுவதற்கு முந்தைய பூட்டின் கெர்னல் செய்திகளைப் படிக்கலாம். எதுவும் செய்வதற்கு முன் கன்சோல் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் கிராஷ் என்ற ஒரே பெயரில் அழைப்பது. எமர்ஜென்சி மோடில் (பூட் முடியாமல், பழுது பார்க்க மட்டும் திறக்கும் நிலை) நிற்பது வேறு, தொங்கி நிற்பது வேறு, கெர்னல் பேனிக் (மீள முடியாத பிழையில் கெர்னலே நின்றுவிடுவது) வேறு. எமர்ஜென்சி மோட் என்றால் முதலில் எஃப்எஸ்டேப் ஃபைலை (பூட்டில் எந்த பார்ட்டிஷனை எப்படி மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) பாருங்கள். கோட்டா ஆப்ஷனில் ஒரு எழுத்து பிசகினாலும் மவுண்ட் தோற்கும், பூட் பாதியில் நிற்கும். என்றைக்கோ எழுதிய வரியாக இருக்கும், ஆனால் அடுத்த ரீபூட்டில்தான் அது வெளியே வரும். அந்த ஃபைலைச் சரிபார்க்கும் ஃபைண்ட்எம்என்டி வெரிஃபை கட்டளை பல பிழைகளைக் காட்டும் என்றாலும், அதை மட்டும் நம்பாதீர்கள். வரியை மாற்றிய அன்றைக்கே அந்த பார்ட்டிஷனை அன்மவுண்ட் செய்து திரும்ப மவுண்ட் செய்து பார்த்துவிடுவதுதான் உறுதி. எக்ஸ்எஃப்எஸ்ஸில் வெறும் ரீமவுண்ட் போதாது, அதில் கோட்டா ஆன் ஆகாது. ரூட் பார்ட்டிஷனுக்கு எஃப்எஸ்டேபும் உதவாது. பூட்டின்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ரூட்ஃப்ளாக்ஸ் என்று அந்த ஆப்ஷனை எழுத வேண்டும். அதில் தப்பு செய்து பூட் ஆகாமல் மாட்டிக்கொண்டால் ரீஇன்ஸ்டால் வரை போக வேண்டாம். பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ‘இ’ கீயை அழுத்தி, அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் அந்தச் சொல்லை நீக்கினால் சர்வர் எழுந்துவிடும்.

ஒரு செயலி 120 விநாடிக்கு மேல் அசையாமல் காத்திருந்தால் கெர்னல் அதை லாகில் எழுதும். அது எச்சரிக்கை, பேனிக் அல்ல. பிடிஆர்எஃப்எஸ்ஸில் கோட்டாவை ஆன் செய்து நிறைய ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் இருந்த நிலையின் நகல்) சேர்த்து வைத்திருப்பவர்கள், பழையவற்றை அழிக்கும்போது இந்த வரியை அடிக்கடி பார்ப்பார்கள். அங்கே கோட்டா உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள். தேவையில்லை என்றால் அணைத்துவிடுவதே நல்லது.

பேனிக் என்ற சொல்லைக் கண்டதும் கெர்னல்மேல் பழி போடுவதும் வழக்கமாக நடக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் வால் ஃபைலை (மாற்றங்களை முதலில் பதிந்து வைக்கும் ஃபைல்) எழுத இடம் கிடைக்காவிட்டால் தன் லாகில் ‘பேனிக்’ என்று எழுதிவிட்டுத்தான் நிற்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. யூசர் கோட்டா தாண்டினால் ‘டிஸ்க் கோட்டா எக்ஸீடட்’ என்று பிழை வரும், எண் 122. எக்ஸ்எஃப்எஸ்ஸின் பிராஜெக்ட் கோட்டா (யூசருக்கு அல்லாமல் டைரக்டரிக்கு வைக்கும் வரம்பு) தாண்டினால் வருவதோ ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’, எண் 28. டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கிறதே, டிஸ்க்தான் கெட்டுவிட்டது போல என்று ஹார்ட்வேரை மாற்றப் போகிறவர்கள் உண்டு. அந்த டைரக்டரிக்கு பிராஜெக்ட் லிமிட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எக்ஸ்டி4-இல் யார் லிமிட்டைத் தாண்டியிருக்கிறார் என்று பார்க்க ரெப்கோட்டா என்ற கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு குறி வரும். முதல் இடத்தில் ப்ளஸ் இருந்தால் டிஸ்க் இடத்தில் சாஃப்ட் லிமிட் (சில நாள் அவகாசத்துக்கு மட்டும் தாண்ட விடும் வரம்பு) தாண்டிவிட்டது. இரண்டாவது இடத்தில் இருந்தால் ஃபைல் எண்ணிக்கையில் தாண்டிவிட்டது. செஷன் ஃபைலும் மெயில் க்யூவும் சேரும் சர்வரில் இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்க்கும். அப்புறம் கிரேஸ் (அவகாசம்) என்ற நெடுவரிசையைப் பாருங்கள். ப்ளஸ் குறி இருக்கும் வரியில் அங்கே ‘நன்’ (ஒன்றுமில்லை) என்று இருந்தால், சிக்கல் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவகாசம் முடிந்துவிட்டது, இனி அந்த யூசரால் எழுத முடியாது என்பதுதான் அதன் பொருள்.

வழக்கமான அவகாசம் 7 நாள். அதனால் கோளாறு செய்த மாற்றம் ஒருநாள், விளைவு வேறொரு நாள். இன்றைக்கு என்ன மாற்றினோம் என்று மட்டும் தேடினால் காரணம் கிடைக்காது. 2020 டிசம்பர் 14 அன்று ஜிமெயிலும் யூட்யூபும் உலகம் முழுக்க நின்றது நினைவிருக்கும். அது ஃபைல்சிஸ்டம் கோட்டா அல்ல, ஆனால் நடந்தது இதே விதத்தில்தான். அக்டோபரில் கோட்டா முறையை மாற்றியபோது பழைய முறையின் ஒரு பகுதி அப்படியே தங்கி, பயன்பாடு 0 என்று தவறாகக் காட்டியது. கிரேஸ் காலம் முடிந்ததும் தானியங்கி அமைப்பு கோட்டாவைக் குறைத்தது, லாகின் சேவை விழுந்தது. இதை கூகுளே தன் அறிக்கையில் விளக்கியிருக்கிறது.

சோதனையை ரூட்டாகச் செய்வதிலும் பயனில்லை. எக்ஸ்டி4-இல் ரூட்டை லிமிட் தடுக்காது. எல்லாம் சரியாக எழுதுகிறதே என்றுதான் தோன்றும். பாதிக்கப்பட்ட யூசராக மாறி ஒரு ஃபைல் எழுதிப் பாருங்கள்.

கோட்டாசெக் கட்டளையில் நடக்கும் தவறுகள்தான் உண்மையில் சேதம் செய்பவை. கணக்கு ஃபைல்களைத் தனியாக வைக்கும் பழைய முறை எக்ஸ்டி4-க்கு உரிய கருவி அது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஓட்டினால் பலன் இல்லை. கோட்டா அம்சம் ஃபைல்சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கும் புதிய எக்ஸ்டி4 என்றால், அன்மவுண்ட் செய்து இ2எஃப்எஸ்செக் ஓட்டுவதுதான் முறை. பழைய முறையிலும், யூசர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ‘-எம்’ போட்டு ஓட்டாதீர்கள். எண்ணி முடிப்பதற்குள் ஃபைல்கள் மாறிவிடும், தப்பான கணக்கைத்தான் எழுதி வைக்கும். கோட்டாஆஃப் செய்து, எழுதுவதை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ‘-சி’ இன்னும் ஆபத்து. பழைய ஃபைலைப் படிக்காமல் புதிதாக எழுதுவதால், நீங்கள் போட்டு வைத்த லிமிட் அத்தனையும் போய்விடும். அதற்கு முன் ரெப்கோட்டா வெளியீட்டை வேறு டிஸ்க்கில் சேமித்துவிடுங்கள்.

உண்மையான கெர்னல் பேனிக்தான் என்றால், முதலில், பிழை வந்தால் என்ன செய்வது என்று எக்ஸ்டி4-க்குச் சொல்லும் எர்ரர்ஸ் ஆப்ஷனைப் பாருங்கள். அதில் பேனிக் என்று இருந்தால், எக்ஸ்டி4 ஏதோ பிழையைக் கண்டு தானாகவே சர்வரை நிறுத்தியிருக்கலாம். அது இல்லையென்றால் கால் ட்ரேஸில் (விழுந்த நேரத்தில் ஓடிய ஃபங்ஷன்களின் பட்டியல்) கோட்டா சம்பந்தப்பட்ட ஃபங்ஷன் பெயர்கள் வருகின்றனவா என்று பார்த்து, கிரப்பில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து பூட் செய்யுங்கள். அதிலும் விழுந்தால் அந்த பார்ட்டிஷனை நோகோட்டா ஆப்ஷனோடு மவுண்ட் செய்து பாருங்கள். அப்போது நின்று ஓடினால் சந்தேகம் கோட்டா பக்கம் திரும்புகிறது, கேடம்ப் (விழும்போது மெமரியைச் சேமிக்கும் கருவி) எடுத்த ஃபைலோடு டிஸ்ட்ரோகாரர்களுக்கு எழுதலாம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் கோட்டாவைத் திரும்ப ஆன் செய்யும்போது அந்த நீண்ட எண்ணிக்கை மறுபடி நடக்கும். அதற்கான டவுன்டைமை முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள்.