அடுத்தவங்க ஜெயிக்கிறத பாத்து மனசு ஆடும்போது என்ன பண்ணலாம்

கூட படிச்சவன் எங்கயோ போயிட்டான், நாம ஜெபம் பண்ணிட்டு இங்கயே நிக்கிறோம்னு தோணுதா? முதல்ல அத மறைக்காதீங்க, அப்படியே கர்த்தர்கிட்ட சொல்லுங்க. பைபிள்ல சங்கீதம் 73 எழுதின ஆசாப் அததான் செஞ்சாரு, துன்மார்க்கர் நல்லா வாழுறத பாத்து எனக்கு பொறாமையா இருக்கு, நான் சுத்தமா இருந்தது வீணான்னே கேட்டுட்டாரு. 17ம் வசனத்துலதான் திருப்பம், தேவனோட பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போனதும் அவங்க முடிவு என்னன்னு புரியுது. அவர் நிலைமை மாறல, பார்வைதான் மாறுச்சு. அதனால பொறாமை வர்ற அன்னிக்கு ஃபோன கீழ வச்சிட்டு அந்த சங்கீதத்த முழுசா, சத்தமா வாசிங்க, பாதியில நிறுத்தாதீங்க.

அடுத்தது 2 கொரிந்தியர் 4:17, 18. அப்போஸ்தலன் பவுல் இந்த நிருபத்துல, அதாவது கடிதத்துல, தன் பாடுகள "இலேசான" உபத்திரவம்னு சொல்றாரு. அதே நிருபம் 11ம் அதிகாரத்துல பாருங்க, அஞ்சு தடவ 39 அடி, மூணு தடவ கப்பல் சேதம், இது இலேசா? நித்திய மகிமைய பக்கத்துல வச்சு பாத்ததாலதான் அவருக்கு அப்படி தெரிஞ்சுது, எனக்கு இத படிக்கும்போதெல்லாம் கண்ணு கலங்கும்.

உழைக்கிறது தப்பில்ல, ப்ரமோஷனும் பாவம் இல்ல. ஆனா லூக்கா 12ல வர்ற ஐசுவரியவான் மாதிரி களஞ்சியத்த இடிச்சு பெருசா கட்டுற ப்ளான் மட்டும் மனசுல ஓடுச்சுன்னா, அந்த வாரமே யாருக்கும் தெரியாம ஒருத்தருக்கு கொடுங்க, கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல.