செட்டுக்கு மார்க் போடுறது எப்படி? (ஆர்பிஇ, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

ஜிம் ப்ரோக்ராம்ல "3 செட், 8 ரெப், ஆர்பிஇ 8"னு பாத்துட்டு முழிக்கிறவங்களுக்குத்தான் இது. ரெப்னா ஒரு தடவ தூக்கி இறக்குறது, செட்னா நிறுத்தாம அடுத்தடுத்து போடுற ரெப்புங்க. அந்த செட் எவ்ளோ கஷ்டமா இருந்துச்சுன்னு நீங்களே போடுற மார்க்தான் ஆர்பிஇ (Rating of Perceived Exertion). ஸ்வீடன்ல குன்னார் போர்க்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கொண்டுவந்த ஸ்கேல் 6ல ஆரம்பிச்சு 20ல முடியும், 10ஆல பெருக்குனா ஹார்ட் ரேட் தோராயமா வரும்னு கணக்கு, ஓட்டம் சைக்கிளுக்கு ஓகே, வெயிட் தூக்குறதுக்கு அது ஒத்துவராது. நமக்கு 1லருந்து 10தான், பவர்லிஃப்டர் மைக் டக்‌ஷரர் பரப்பிவிட்டது.

ஸ்டெப் 1: பார்பெல்ல ஸ்டாண்ட்ல வெச்ச உடனே உங்களையே கேளுங்க, ஃபார்ம் (தூக்குற முறை) கெடாம இன்னும் எத்தன ரெப் போட்டிருப்பேன்? அத 10லருந்து கழிங்க. 2 ரெப் மிச்சம்னா 8, ஒண்ணுமே மிச்சம் இல்லன்னா 10. 5க்கு கீழ எல்லாம் வார்ம்அப்புதான், மண்டைய உடைச்சுக்காதீங்க.

ஸ்டெப் 2: மூச்சு வாங்குறதையும் தசை எரியிறதையும் கணக்குல சேக்காதீங்க. ஸ்குவாட் 15 ரெப் போட்டா யாருக்கா இருந்தாலும் மூச்சு முட்டும், ஆனா காலுல இன்னும் 5 ரெப் இருக்கலாம்.

ஸ்டெப் 3: சைடுலருந்து வீடியோ எடுத்து ஸ்பீட பாருங்க. பெஞ்ச் பிரஸ்ல முதல் அஞ்சு ரெப்பும் ஒரே வேகத்துல போகுது, ஆறாவது கொஞ்சம் இழுக்குது, ஏழாவது பாதி வழில நின்னு திணறி மேல போகுதுன்னா அது 9க்கு குறையாது. கடைசி ரெப்பும் முதல் ரெப் மாதிரியே பறக்குது, நீங்க 9னு எழுதியிருக்கீங்கன்னா, சாரி, நம்ப மாட்டேன்.

ஸ்டெப் 4, இதத்தான் நிறைய பேர் செய்றதில்ல. புதுசா வர்றவங்க பெரும்பாலும் இன்னும் சில ரெப் மிச்சம் இருக்கும்போதே "முடியல"ம்பாங்க. அதனால லெக் எக்ஸ்டென்ஷன் மாதிரி மெஷின்ல, கடைசி செட்ல, நடுவுலயே "இன்னும் 3தான்"னு வாய்விட்டு சொல்லிட்டு, நிஜமாவே முடியாத வரைக்கும் போங்க. 7 வந்துச்சுன்னா உங்க மார்க் எவ்ளோ தப்புன்னு புரியும். மாசத்துக்கு ரெண்டு தடவ போதும், ஸ்குவாட்லயும் பெஞ்ச் பிரஸ்லயும் தனியா இத பண்ணவே கூடாது.

ஸ்டெப் 5: 8 கேட்டாங்க, 6தான் வந்துச்சா, அடுத்த செட்டுக்கு 2.5 கிலோ ஏத்துங்க. 10 ஆயிடுச்சா, 5% மாதிரி குறைங்க. தூக்கம் சரியில்லாத நாள்ல போன வாரத்து 8 இன்னிக்கு 9 ஆகும், அன்னிக்கு குறைச்சுக்கலாம், கௌரவம் பாக்காதீங்க.

நோட்ல "ஸ்குவாட் 60 கிலோ, 5 ரெப், 8"னு எழுதுனா போதும், ரெஸ்ட் முடியறதுக்குள்ள எழுதிடுங்க, வீட்டுக்கு போய் யோசிச்சா எல்லா செட்டும் 8 ஆயிடும்.