வண்ணக் கொங்கிறீட்: தண்ணீரை அளந்து ஊற்றுங்கள்

சினிமாப் படச்சுருள் கழுவும் கூடத்தில் தொழில் பழகி, பிறகு புரொஜெக்டர் பழுதுபார்த்து, இறுதியில் நிறமூட்டி அச்சுப் பதிக்கும் கொங்கிறீட் வேலைக்கு வந்து சேர்ந்தவன் நான். மட்டக்களப்பிலிருந்தும் கல்முனைப் பக்கமிருந்தும் இந்த வேலை பழக வரும் இளைஞர்கள், அந்நாளில் நாங்கள் செய்த அதே பிழைகளை வரிசை தப்பாமல் செய்வதைப் பார்க்கும்போது, இவற்றை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. பலகை அடிப்பதையும் மட்டம் பார்ப்பதையும் எந்த மேசனும் சொல்லித் தருவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இறுகும் கலவைக்கு வாளித் தண்ணீர்

இந்தத் தொழிலில் அதிகப் பணத்தைத் தின்னும் பிழை இதுதான். இன்றும் இதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கல்லடியில் ஒரு வீட்டு முற்றத்துக்குச் செங்காவி நிறத்தில் கொங்கிறீட் போட்டார்கள். காலையில் போட்ட பகுதி ஒழுங்காக அமைந்தது. மதியத்துக்குப் பிறகு கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசி, கலவை விரைவாக இறுகத் தொடங்கியது. "கொஞ்சம் தண்ணி விட்டாத்தான் இழுபடும், அண்ணன்" என்று சொல்லிக்கொண்டே மேசன் வாளியைச் சரித்துவிட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் மேலே நீர் கசிந்து நின்றது. அது வற்றும்வரை பொறுக்காமல், வெறும் சீமெந்துத் தூளைத் தூவித் தேய்த்து, அதன்மேல் அச்சையும் பதித்தார்கள். அன்றைக்குப் பார்க்க அழகாகவே இருந்தது. நன்றாகக் காய்ந்தபோதோ, காலைப் பகுதி காவியாகவும் மாலைப் பகுதி வெளிறிய இளஞ்சிவப்பாகவும் பிரிந்து, நடுவே கோடு போட்டதுபோல் தெரிந்தது. வெளிறிய பக்கத்தை உள்ளங்கையால் தடவினால் சிவப்புத் தூள் ஒட்டியது. அருகில் குனிந்து பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் மயிரிழை வெடிப்புகள். மேலே ஏதாவது பூசி மறைக்கலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். பொடிந்து உதிரும் பரப்பில் எந்தப் பூச்சும் நிலைக்காது. அந்தப் பாதி முற்றத்தை உடைத்து அள்ள வேண்டியதாயிற்று, செலவு முழுவதும் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

கணக்கு எளிமையானது. நீருக்கும் சீமெந்துக்கும் உள்ள விகிதம் 0.45 என்று வைத்தால், 50 கிலோ பைக்கு 22.5 லீற்றர் தண்ணீர். ஆனால் மணலும் ஈரத்தோடுதான் வருகிறது: 100 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால் அதிலேயே ஏறத்தாழ 5 லீற்றர் வந்துவிடும், ஆகவே நீங்கள் ஊற்ற வேண்டியது 17.5 லீற்றர் மட்டுமே. அதற்குமேல் அரை வாளி, 5 லீற்றர், சேர்ந்தால் விகிதம் 0.55 ஆகிவிடும். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்பதை அமெரிக்கப் பொறியியலாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918 இலேயே வகுத்துக் காட்டிவிட்டார். வண்ண வேலையில் பலத்தோடு நிறமும் போகிறது. கூடுதல் நீர் வற்றிய இடம் நுண்துளைகளாக மிஞ்சி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், அதே அளவு சாயம் போட்டிருந்தாலும் அந்தப் பகுதி வெளிறியே தெரியும்.

சினிமாக் கலர் நெகட்டிவ் கழுவும்போது, படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் கரைசலின் வெப்பம் 41.1 பாகை செல்சியஸில் நிற்க வேண்டும்; பாகையில் பத்தில் ஒரு பங்கு விலகலுக்கு மேல் இடமில்லை. அந்தக் கூடத்தில் யாரும் கண்ணால் மதிப்பிட்டு ஊற்றியதில்லை. அதே ஒழுங்கைக் கொங்கிறீட்டுக்கும் கொண்டுவாருங்கள். கோடு போட்ட ஒரே வாளியை வைத்துக்கொள்ளுங்கள், மணலை மூடி வையுங்கள், கச்சான் காலத்தில் விடியற்காலையில் தொடங்குங்கள். கலவை இளக வேண்டுமானால் தண்ணீர் கூட்டாமலே இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற சேர்மருந்தை அளந்து சேருங்கள். மேலே கசிந்த நீர் தானாக வற்றும்வரை தேய்ப்புப் பலகையைத் தொடாதீர்கள்.

கண்மட்டத்தில் சாயம்

சீமெந்தின் எடையில் 5 சதவீதம் என்றால் பைக்கு 2.5 கிலோ, தராசில் நிறுத்துப் போடுங்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் நிறம் ஏறாது, கலவைதான் கெடும். இரும்பு ஒக்சைட் வகைச் சாயம் வெயிலையும் சீமெந்தின் காரத்தையும் தாங்கும். மலிவாகக் கிடைக்கும் நீலத் தூள்களில் பல அந்தக் காரத்திலேயே மங்கிவிடும்.

மாதிரி போடாமல் தொடங்குவது

படச்சுருளில் ஒரு துண்டை அச்சடித்து நிறம் பார்த்த பிறகே முழுப் படத்தையும் அச்சடிப்போம். முற்றத்துக்கும் அதே மணல், அதே சீமெந்து, அதே அளவு நீரில் 2 அடிச் சதுர மாதிரி ஒன்றைப் போட்டு, 28 நாள் காய்ந்த பிறகு வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். ஈரத்தில் தெரியும் கரும் நிறத்தை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

உப்பு

கடற்கரை மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வண்ண வேலைக்கு ஆகாது. கம்பி துருப்பிடிக்கும், சிவப்பின்மேல் வெள்ளை பூக்கும்.

வெட்டுக்கோடு

தளம் கண்டபடி வெடிக்காமல் கோட்டோடு வெடிக்க வெட்டிவிடுவது இது. 4 அங்குலத் தளத்துக்கு 10 அடிக்கு ஒன்று, ஆழம் 1 அங்குலம்.

பொலித்தீன் மூடுவது

ஈரம் காக்கப் புதுத் தளத்தைப் பொலித்தீனால் மூடினால், அதில் சுருக்கம் விழுந்த இடமெல்லாம் தழும்பாகப் பதியும்.

சீலர்

மேற்பரப்பைக் காக்கக் கடைசியில் பூசும் இந்தப் பூச்சை மாரி மழைக்குள் பூசாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பால்போல் வெளுக்கும். பிறகு அதை உரித்தெடுக்கும் வேலைக்கே பல நாள் கூலி போகும்.