தோட்டா ரீலோடிங்: முதலில் எந்தக் கருவிகளை வாங்குவது?

சுட்டு முடித்த தோட்டாவில் மறுபடியும் பயன்படும்படி மிஞ்சுவது பித்தளை உறை ஒன்றுதான். அந்த உறையை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர் (தட்டினால் தீப்பொறி தரும் சிறு மூடி) பொருத்தி, அளந்த பவுடரை (வெடிமருந்தை) இட்டு, மேலே குண்டை அமர்த்துவதே ரீலோடிங். இதற்காக விற்கப்படும் கருவிகள் ஏராளம் என்றாலும், தொடங்குபவருக்கு உண்மையில் தேவைப்படுபவை சில மட்டுமே. ஒரு பொருளையும் வாங்குவதற்கு முன், தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளவும் பவுடரையும் பிரைமரையும் வீட்டில் வைத்திருக்கவும் தம் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். துப்பாக்கி உரிமம் இருப்பதாலேயே இந்த அனுமதியும் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

முதல் செலவு கையேட்டுக்கு. பவுடர், குண்டு தயாரிப்பாளர்கள் சோதனைக்கூடத்தில் அழுத்தத்தை அளந்து வெளியிடும் ரீலோடிங் கையேடுகளில், ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் பவுடரின் தொடக்க அளவு, உச்ச அளவு, உறையின் நீளம், குண்டு அமர்ந்த பிறகு இருக்க வேண்டிய மொத்த நீளம் ஆகியவை தரப்பட்டிருக்கும். இரண்டு கையேடுகளாவது இருந்தால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்பகுதியில் உள்ள விளக்க அத்தியாயங்களை முழுமையாகப் படித்தவர், தமக்குத் தேவையில்லாத கருவிகளில் பாதியை வாங்காமலே விட்டுவிடுவார்.

அடுத்தது பிரஸ், அதாவது உறையை டைக்குள் அழுத்தும் நெம்புகோல் கருவி. டை என்பது உறைக்கு வடிவம் தரவும் குண்டை அமர்த்தவும் பிரஸ்ஸில் திருகிப் பொருத்தும் அச்சு. ஒரு நேரத்தில் ஒரே டை பொருந்துவது சிங்கிள் ஸ்டேஜ். பல டைகளைத் தாங்கிச் சுழலும் தலை உடையது டரட். உறைகள் ஒவ்வொரு நிலையாக நகர்ந்து, நெம்புகோலை இழுக்கும்போதெல்லாம் ஒரு தோட்டா முடிந்து விழுவது புரோகிரஸிவ். வாரந்தோறும் நூற்றுக்கணக்கில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களைச் செலவிடும் போட்டியாளருக்குப் புரோகிரஸிவ் பொருந்தும். ஆனால், புதியவர் அதில் தொடங்கினால் ஒரே இழுப்பில் நான்கைந்து வேலைகள் ஒன்றாக நடப்பதால், எந்த நிலையில் எது பிசகியது என்பதை அவரால் கவனிக்க முடிவதில்லை. கனமான வார்ப்பிரும்பில் செய்த சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் மெதுவானதுதான். அந்த மெதுவே அதன் சிறப்பு என்பது என் கருத்து. பின்னாளில் வேகமான பிரஸ் வாங்கினாலும் இது வீணாகாது. பெரும்பாலான டைகள் 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 புரிகளும் கொண்டவை என்பதால், ஒரு நிறுவனத்தின் டை மற்றொரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் பொருந்தும்.

பிரஸ்ஸில் மிச்சப்படுத்தினாலும் தராசில் மிச்சப்படுத்தக் கூடாது. பவுடரை அளக்கும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். ரீலோடிங் தராசு 0.1 கிரெயினை, அதாவது சுமார் 6.5 மில்லிகிராமைக் காட்ட வேண்டும். ஒரு கிராம் என்பதே 15 கிரெயினுக்கு மேல் வருவதால், சமையலறைத் தராசுக்கு இங்கே வேலையே இல்லை. கோல் தராசு மெதுவானது. ஆனால் மின்சாரமோ பேட்டரியோ கேட்காது, பல ஆண்டுகள் உழைக்கும். மின்னணுத் தராசு விரைவானது. மின்விசிறிக் காற்றும் அறையின் வெப்ப மாற்றமும் அதன் எண்ணை நகர்த்திவிடும். அதைத் தட்டோடு சுழியத்தில் நிறுத்திய பின் தட்டை மட்டும் தூக்கினால் தட்டின் எடை கழித்தல் குறியோடு திரையில் தெரியும். அந்த எண்ணைக் குறித்துவைத்து, இடையிடையே தட்டைத் தூக்கிப் பார்த்தால், தராசு நழுவியிருப்பது உடனே புலப்பட்டுவிடும். எந்த வகையை வாங்கினாலும் சோதனை எடைக்கற்களையும் சேர்த்தே வாங்க வேண்டும். பவுடரைக் கொள்ளளவால் அளந்து கொட்டும் மெஷர் வேலையை விரைவாக்கும். அதைச் சரிபார்ப்பதும் இந்தத் தராசுதான்.

டை தேர்வில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நேர்ச்சுவர் கொண்ட கைத்துப்பாக்கி உறைகளுக்குக் மிகக் கடினமான கார்பைடு வளையம் உள்ள டை வாங்கினால் உறைக்கு மசகு தடவ வேண்டியதில்லை. கழுத்து குறுகிய ரைபிள் உறைகளுக்கோ மசகு கட்டாயம்; இல்லாவிட்டால் உறை டைக்குள் இறுகிக்கொண்டு, நெம்புகோலைத் திருப்பும்போது விளிம்பு மட்டும் பிய்ந்து வரும். ரைபிள் உறைகள் சுடச்சுட நீள்வதால் அவற்றைக் கத்தரிக்கும் டிரிம்மரும், வெட்டிய வாயைச் சீராக்கும் சிறு கருவியும் வேண்டும். நீளம் பார்க்க 0.001 அங்குலம் வரை காட்டும் காலிப்பர் போதும். உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் டை தொகுப்போடு வருகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

உறைகளை மெருகேற்றும் டம்ளர் எந்திரம் காத்திருக்கலாம். தொடக்கத்தில் அழுக்குப் போகத் துடைத்தாலே போதும். அதற்குப் பதிலாக, உறைகளை நிற்கவைக்கும் துளைப்பலகையும் நல்ல விளக்கும் வாங்கலாம். சில கைத்துப்பாக்கிப் பவுடர்களின் சரியான அளவு உறையில் பாதிகூட நிரம்பாது. ஆகவே தவறி இருமுறை கொட்டினாலும் வழியாது. அப்படிப்பட்ட தோட்டா துப்பாக்கியையே பிளந்துவிடக்கூடும். பவுடர் விழாமல் விட்டால், பிரைமரின் விசையிலேயே குண்டு குழாய்க்குள் பாதி வழி போய்ச் சிக்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுடுவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. குண்டை அமர்த்துவதற்கு முன் பலகையிலுள்ள எல்லா உறைகளுக்குள்ளும் விளக்கை அடித்து, பவுடர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இரண்டையும் தடுக்கும்.

பாதுகாப்புக் கண்ணாடியை வாங்கும் பட்டியலில் முதலிலேயே எழுதிவிடலாம், குறிப்பாகப் பிரைமர் பொருத்தும் வேலைக்காக. பிரைமர் எச்சத்தில் ஈயம் இருப்பதால் மேசையருகே உண்பதும் புகைப்பதும் கூடாது. மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா, அதுவும் தயாரிப்பாளர் தந்த டப்பாவாகவே இருக்க வேண்டும்.

பழைய பொருள்களில் வார்ப்பிரும்புப் பிரஸ்ஸைத் தயங்காமல் வாங்கலாம். உறையை ஏற்றி இறக்கும் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, ஆட்டம் அதிகமில்லை என்றால் அது இன்னும் நெடுநாள் உழைக்கும். டையாக இருந்தால் உள்ளே துருவோ கீறலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் அந்தக் கீறல் ஒவ்வோர் உறையிலும் பதியும். திறந்த பவுடர் டப்பாவை மட்டும், அதன்மேல் என்ன எழுதியிருந்தாலும், இலவசமாகத் தந்தாலும் வாங்கக் கூடாது.