கலப்பினச் செம்மறிப் பெட்டைக்கு எந்தக் கிடா?

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பிறக்கும் குட்டி கறிக்கா, மந்தையில் வைத்துக்கொள்ளவா? கறிக்கு என்றால் தாயின் ரத்தத்தில் இல்லாத மூன்றாவது இனம் நல்லது. சஃபோக் கிடாவின் குட்டி வேகமாக எடை போடும். டெக்சல் குட்டிக்குத் தொடையில் சதை திரளும், கொழுப்பு குறைவு. ஆனால் தலையும் தோளும் பருத்து, ஈற்றில் சிக்கலாம். அதனால் தலையீற்றுப் பெட்டைக்கு சவுத்டவுன் போன்ற சிறிய இனமே என் தேர்வு.

பெட்டைக்குட்டிகளை வைத்துக்கொள்வதாக இருந்தால் கதை வேறு. அப்போது பாலும் இரட்டைக் குட்டியும் தரும் பார்டர் லெஸ்டர் மாதிரி தாய்வழி இனம் வேண்டும்.

இனம் சரி, கிடாவைக் கையால் தொட்டுப் பார்த்தீர்களா? பின்னால் நின்று இரண்டு விதைகளையும் பிடித்துப் பாருங்கள். ஒரே அளவாக, இறுக்கமாக, கட்டியில்லாமல் இருக்க வேண்டும். ஒன்று சிறுத்திருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அப்புறம் பல், குளம்பு. விந்தணு உருவாக ஏறக்குறைய 7 வாரம் ஆகும். எனவே கிடாவை மந்தையில் விடுவதற்கு 2 மாதம் முன்பே இந்தச் சோதனையை முடித்து, தீனியைக் கூட்டுங்கள்.