உங்கள் அணி கொடுத்த சம்பளம் அதிகமா? என்பிஏ ஃப்ரீ ஏஜென்ட் ஒப்பந்தத்தை எடைபோடுவது எப்படி

ஜூலை பிறந்துவிட்டால், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ரசிகர்கள் நடுவில் இரண்டே கேள்விகள்தான். ஃப்ரீ ஏஜென்ட்கள், அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடிய வீரர்கள், புது ஒப்பந்தம் போடும் காலம் அது. "இவனுக்குப் போய் இவ்வளவா?" என்பது ஒன்று. "அவனை ஏன் விட்டார்கள்?" என்பது இன்னொன்று. 2024 கோடையில் நியூயார்க் நிக்ஸ் ரசிகர்கள் இரண்டாவது கேள்வியை வைத்து வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். சென்டர் ஐசயா ஹார்ட்டென்ஸ்டைன் ஓக்லஹோமா சிட்டி தண்டருக்குப் போய்விட்டார். முதலாளி கஞ்சத்தனம் பண்ணிவிட்டார் என்று பாதிப் பேர் திட்டினார்கள். நானும் நிக்ஸ் ரசிகன்தான். அந்தக் கோடையில் விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த வழிமுறையைத்தான் கீழே தருகிறேன். இனி எந்த ஒப்பந்தச் செய்தி வந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆட்டம் பற்றி ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தொகைகளைக் கோடியில் சொல்கிறேன். மில்லியனைப் பத்தால் வகுத்தால் கோடி வந்துவிடும்.

தேவையானவை

சம்பள விவரத்துக்கு ஸ்போட்ராக் இணையதளம், ஆட்டப் புள்ளிவிவரத்துக்கு பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் இணையதளம், அப்புறம் ஒரு எக்செல் தாள். இவ்வளவு போதும். ஒப்பந்தம் வந்த ஒரு மணி நேரத்தில் மதிப்பெண் போட்டு வெளியாகும் கட்டுரைகளை முதலில் படிக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மொத்தத் தொகையை மட்டும் பார்த்து எழுதப்படுபவை. உங்கள் கணக்கை முடித்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: செய்தியின் தேதி

மற்ற அணி வீரர்களுடன் பேச்சு தொடங்குவது ஜூன் 30 மாலை 6 மணி, அமெரிக்கக் கிழக்கு நேரம். நமக்கு ஜூலை 1 அதிகாலை 3:30. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்திட ஜூலை 6 வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் வரும் தொகைகள் பெரும்பாலும் முகவர்கள் பக்கத்திலிருந்து கசிபவை. ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்த உச்சக் கணக்காகக்கூட இருக்கும். ஆண்டுவாரியான விவரம் ஸ்போட்ராக்கில் ஏறும்வரை பொறுத்திருங்கள்.

பேச்சுத் தேதி வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 2022இல், அப்போது வேறு அணியில் இருந்த ஜேலன் பிரன்சனுடன் முன்கூட்டியே பேசியதற்காக நிக்ஸின் 2025 இரண்டாம் சுற்று டிராஃப்ட் தேர்வை, அதாவது புதுமுக வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை, லீக் பறித்துக்கொண்டது. 2024 முதல், சொந்த வீரர்களுடன் மட்டும் இறுதிப்போட்டி முடிந்த மறுநாளே பேசலாம்.

படி 2: எந்த வழியில் ஒப்பந்தம் போட்டார்கள்?

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த படி இது. அவசரப்படாமல் படியுங்கள். ரசிகர் சண்டைகளில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

என்பிஏவில் சாலரி கேப் என்ற சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26க்கு அது சுமார் 15.46 கோடி டாலர். அனேகமாக எல்லா அணிகளும் இதைத் தாண்டித்தான் செலவு செய்கின்றன, ஏனென்றால் கேப்பைத் தாண்ட விதியே சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஆக, ஓர் அணி ஒருவரை எடுக்க மூன்று வழிகள்: கேப்புக்குள் காலியிடம் இருக்க வேண்டும், அல்லது மிட்லெவல் (கேப்பைத் தாண்டிய அணியும் ஒரு நடுத்தரச் சம்பளத்துக்கு வெளி ஆளை எடுக்க விடும் விதி) போன்ற விதிவிலக்கு இருக்க வேண்டும், அல்லது அவர் சொந்த வீரராக இருந்து, அவர்மேல் பேர்ட் உரிமை இருக்க வேண்டும். பழைய நட்சத்திர வீரர் லாரி பேர்டின் பெயரால் அழைக்கப்படும் உரிமை இது. இதில்தான் படிநிலை இருக்கிறது.

ஒரு வீரர் மூன்று பருவங்கள், நடுவில் ஃப்ரீ ஏஜென்டாக அணி மாறாமலும் விலக்கப்படாமலும் ஆடியிருந்தால் முழு பேர்ட் உரிமை. அணி கேப்பை எவ்வளவு தாண்டியிருந்தாலும் அவருக்கு உச்சபட்சச் சம்பளம்வரை கொடுக்கலாம், ஐந்தாண்டுவரை. இரண்டு பருவங்கள் என்றால் எர்லி பேர்ட். அதில் கொடுக்கக்கூடியது முந்தைய சம்பளத்தின் 175 சதவீதம் அல்லது லீக் சராசரிச் சம்பளத்தின் 105 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அது. ஒரே பருவம் என்றால் 120 சதவீதத்தோடு நின்றுவிடும்.

இப்போது ஹார்ட்டென்ஸ்டைன் கணக்கை நாமே போடுவோம். 2022இல் கிளிப்பர்ஸிலிருந்து ஃப்ரீ ஏஜென்டாக நிக்ஸுக்கு வந்தார். இரண்டு பருவங்கள் ஆடினார். ஆகவே எர்லி பேர்ட்தான். 2023-24 கணக்கில் அவர் சம்பளம் சுமார் 92 லட்சம் டாலர். அதில் 175 சதவீதம் சுமார் 1.62 கோடி. ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்த்தலாம், ஆனால் அந்த 8 சதவீதம் முதலாண்டுச் சம்பளத்தின்மேல்தான். கூட்டுவட்டி போட்டுவிடாதீர்கள். அப்படியானால் 1.62, 1.75, 1.88, 2.01. நான்காண்டுக்கு மொத்தம் சுமார் 7.25 கோடி. நிக்ஸால் கொடுக்க முடிந்த உச்சம் இதுதான். தண்டரிடம் கேப்புக்குள் இடம் இருந்தது. மூன்றே ஆண்டுக்கு 8.7 கோடி கொடுத்தார்கள், முதல் ஆண்டே 3 கோடி. நிக்ஸ் முதலாளி பெட்டி பெட்டியாகப் பணத்தை இறக்கியிருந்தாலும் ஈடுகட்ட முடிந்திருக்காது. விதி விடவில்லை.

"அப்படியானால் ஓ.ஜி. அனுனோபிக்கு மட்டும் அதே கோடையில் ஐந்தாண்டுக்கு 21.25 கோடி எப்படிக் கொடுத்தார்கள்? அவர் வந்து ஆறு மாதம்தானே ஆகிறது?" நல்ல கேள்வி. இதே இடத்தில்தான் நானும் வெகுநேரம் நின்றேன். அனுனோபி 2023 டிசம்பர் கடைசியில் டொரண்டோவிலிருந்து டிரேடில், அதாவது அணிகளுக்கிடையிலான வீரர் பரிமாற்றத்தில், வந்தவர். டிரேடில் வந்தால் பேர்ட் உரிமையும் கூடவே வரும். ஃப்ரீ ஏஜென்டாக அணி மாறினால் மட்டும்தான் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதனால் நிக்ஸுக்காக அந்த லீக் சுற்றில் 23 ஆட்டம் ஆடிய அனுனோபிமேல் முழு உரிமை. இரண்டு வருடம் உழைத்த ஹார்ட்டென்ஸ்டைன்மேல் பாதி உரிமை. ரசிகனாக மனசு ஒப்பவில்லை, ஆனாலும் விதி இப்படித்தான்.

எனவே எந்த வீரரை எடுத்துக்கொண்டாலும் ஸ்போட்ராக்கில் இரண்டு விஷயம் பாருங்கள்: அவர் தற்போதைய அணிக்கு எப்படி வந்தார், வந்த பிறகு எத்தனை பருவம் ஆயிற்று.

வெளி ஆளை எடுக்கும் மிட்லெவல் விதிவிலக்கிலும் ஒரு கவனம் வேண்டும். 2025-26இல் பெரிய மிட்லெவல் சுமார் 1.41 கோடி. சம்பளச் செலவு மிகுந்து லீக்குக்கு வரி கட்டும் அணிகளுக்கான சிறியது சுமார் 57 லட்சம். கேப்புக்கு மேலே ஏப்ரன் என்று இரண்டு செலவுக் கோடுகள் உண்டு. சிறியதைத் தொட்டால் இரண்டாம் ஏப்ரன் எனப்படும் 20.78 கோடிக்கு மேல் அந்தப் பருவம் முழுக்கப் போக முடியாது. பெரியதைத் தொட்டால் முதல் ஏப்ரனான 19.59 கோடியோடு நின்றுகொள்ள வேண்டும். 2025இல் நிக்ஸ் கெர்ஷோன் யாபுசெலேயை எடுத்தது சிறிய மிட்லெவலில். "அந்தப் பணத்தில் இன்னும் பெரிய ஆளைப் பிடித்திருக்கலாமே" என்று யாராவது சொன்னால், எந்த விதிவிலக்கில் என்று கேளுங்கள்.

படி 3: தொகையை விட்டுவிட்டு சதவீதத்தைப் பாருங்கள்

2022இல் பிரன்சனுக்கு நான்காண்டுக்கு 10.4 கோடி என்றதும் பலர் தலையில் கைவைத்தார்கள். ஆல்ஸ்டார்கூட ஆகாத, ஆறடி உயரம் சொச்சம் உள்ள கார்ட் ஒருவருக்கு இவ்வளவா என்று. முதல் ஆண்டு 2.77 கோடி, அந்த ஆண்டு கேப் 12.37 கோடி. வகுத்தால் 22.4 சதவீதம். ஒப்பந்தம் முதல் மூன்று ஆண்டுகள் குறைந்துகொண்டே வரும்படி எழுதப்பட்டிருந்தது. கேப்போ ஏறிக்கொண்டே போனது. 2024-25இல் அவர் சம்பளம் 2.5 கோடிக்குச் சற்றுக் குறைவு, கேப் 14.06 கோடி. ஏறக்குறைய 17.8 சதவீதம். அதற்கு முந்தைய பருவத்திலேயே ஆட்டத்துக்கு 28.7 புள்ளி எடுத்து ஆல்-என்பிஏ இரண்டாம் அணியில் இடம்பிடித்திருந்தார்.

எக்செல்லில் ஒரு வரிசையில் சம்பளம், அடுத்ததில் கேப், மூன்றாவதில் சதவீதம். வரும் ஆண்டுகளுக்கான கேப் தெரியாது என்பதால், உயர்வே இல்லை என்று ஒரு முறையும், ஆண்டுக்கு 7 சதவீதம் உயர்வு என்று ஒரு முறையும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் தாங்கும் ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம். ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கேப் உயர முடியாது என்பது இப்போதைய விதி.

2024 ஜூலையில் பிரன்சன் போட்ட நீட்டிப்பையும் இப்படிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். நான்காண்டுக்கு 15.65 கோடி. ஒரு வருடம் பொறுத்திருந்தால் ஐந்தாண்டுக்கு 26.9 கோடிவரை கேட்டிருக்கலாம். புதிய ஒப்பந்தத்தின் முதல் ஆண்டு கேப்பில் 23 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. அவ்வளவு அனுபவம் உள்ள வீரரின் உச்சம் 30 சதவீதம். அந்த ஏழு சதவீதச் சொச்சத்தில் ஒரு நல்ல துணை வீரரையே வைத்துக்கொள்ளலாம்.

படி 4: கடைசி ஆண்டு யார் கையில்?

பிளேயர் ஆப்ஷன் என்றால் முடிவு வீரர் கையில், டீம் ஆப்ஷன் என்றால் அணி கையில். ஹார்ட்டென்ஸ்டைனின் மூன்றாம் ஆண்டு டீம் ஆப்ஷன். அதாவது தண்டர் உண்மையில் ஒப்புக்கொண்டது இரண்டு ஆண்டுக்கு 5.85 கோடி. நல்ல சம்பளம் கொடுத்து, குறைந்த காலம் கட்டுப்பட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒப்பந்த வடிவம் இதுதான்.

படி 5: ஆளின் வேலை என்ன?

புள்ளி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஹார்ட்டென்ஸ்டைன் நிக்ஸில் கடைசியாக ஆடிய பருவம் ஆட்டத்துக்கு 7.8 புள்ளி. இதற்கா 3 கோடி? ஆனால் 25 நிமிடத்தில் 8.3 ரீபவுண்ட். அதில் கணிசமான பங்கு எதிரணிக் கூடைக்கு அடியில். ஸ்க்ரீன் வைத்துவிட்டு நடுவில் பந்தை வாங்கி, இரண்டு அடி எடுத்து அந்த மெல்லிய ஃப்ளோட்டரைத் தூக்கிப் போடுவார். இல்லையென்றால் மூலையில் நிற்பவருக்குத் தட்டிவிடுவார். சென்டர்களில் இது எல்லோருக்கும் வராது. பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸில் 36 நிமிடக் கணக்கையும் ரீபவுண்ட் சதவீதத்தையும் பாருங்கள். அப்புறம் இரண்டு முழு ஆட்டங்களைப் பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் ஸ்க்ரீன் தெரியாது.

படி 6: தீர்ப்பைத் தேதியோடு எழுதி வையுங்கள்

ஒப்பந்தம் போட்ட நாளில் தெரிந்தவற்றை மட்டும் வைத்து மூன்று வரி எழுதுங்கள்: எந்த வழி, கேப்பில் எத்தனை சதவீதம், அதற்காக எதைக் கொடுத்தார்கள். பிரன்சனுக்கு இடம் பண்ண நிக்ஸ் நெர்லென்ஸ் நோயல், அலெக் பர்க்ஸ் இருவரையும் டெட்ராய்டுக்கு அனுப்பியது. கூடவே இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும் பணமும் போயின. அதையும் செலவில் சேர்க்க வேண்டும். இப்படி எழுதி வைத்தால் பின்னால் வருவதை வைத்து முன்னால் நடந்ததைத் திட்டும் பழக்கம் போய்விடும். ஹார்ட்டென்ஸ்டைன் 2025இல் தண்டருடன் கோப்பை வென்றார். அதனால் 2024இல் நிக்ஸ் கைகளில் இல்லாத பணம் வந்துவிடாது.

பின்சேர்க்கை

இதைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார்: "முழு பேர்ட் உரிமை இருந்தால் முதலில் வெளி ஆளை எடுத்துவிட்டு, கடைசியில் சொந்த ஆளுக்குக் கையெழுத்துப் போட்டால் போதாதா?"

முழுக்க அப்படி முடியாது. சொந்த ஃப்ரீ ஏஜென்டின் பெயரில் கேப் ஹோல்ட் என்று ஒரு தொகை அணிக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதை நீக்கினால் பேர்ட் உரிமையும் போய்விடும். ஆனால் அந்த ஹோல்ட் சிறியதாக இருந்தால் நீங்கள் சொல்லும் வித்தை பலிக்கும். பிலடெல்பியா 2024இல் செய்தது அதைத்தான். டைரீஸ் மேக்ஸிக்கு 2023இலேயே நீட்டிப்புக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. அவருடைய ஹோல்ட் சுமார் 1.3 கோடிதான். மிச்ச இடத்தில் பால் ஜார்ஜை நான்காண்டுக்கு 21.2 கோடிக்கு எடுத்தார்கள். அதற்குப் பிறகு மேக்ஸிக்கு ஐந்தாண்டுக்கு 20.4 கோடி, முதல் ஆண்டே 3.5 கோடி. படி 2இன்படி இது மிகத் திறமையான வேலை. ஜார்ஜுக்கு அப்போது 34 வயது என்பது படி 4இலும் 5இலும் பார்க்க வேண்டியது. அடுத்த பருவத்தில் அவர் 41 ஆட்டம் ஆடினார், அணி 24 வெற்றியோடு முடித்தது. எனவே இந்த ஒப்பந்தத்துக்கு என் தாளில் இரண்டு மதிப்பெண் இருக்கின்றன: வழிக்குத் தனி, ஆளுக்குத் தனி.